சார்ந்தோர்

ஆய்வு மாணவர் செவ்வாய்க்கிழமை காலை இறந்தார். பதினோரு மணிக்கு அவருடைய பேராசிரியர், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அலுவலர் தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். குறித்த பிறகுதான், "எப்படி?" என்று கேட்டார்.

"பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தாராம். பஸ் வந்துச்சு. எந்திரிக்கல," என்றார் பேராசிரியர். "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி."

வயது முப்பத்தாறு. மண்ணில் உப்பு எப்படி ஏறுகிறது என்பது ஆய்வு.

அலுவலர் தேதியை முதலில் குறித்தது கல்நெஞ்சத்தால் அல்ல. பன்னிரண்டு வருடப் பழக்கம். மாணவர் வீடு மாறினால் பத்து நாளுக்குள் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். பாடம் ஒன்றைக் கைவிடுவதென்றால் கைவிடும் முன் சொல்ல வேண்டும். வகுப்புக்கு வராவிட்டால் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் மாட்டிக்கொள்வது மாணவர்தான், அலுவலகம் அல்ல. அதனால் அவர் எல்லாவற்றையும் நாள் எண்ணியே பார்த்தார். மாணவர்கள் அவருக்குக் கேலண்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

கணினியில் இறந்தவரின் பதிவைத் திறந்தார். ஒவ்வொரு வெளிநாட்டு மாணவருக்கும் அரசாங்கத்தின் கணினியில் இப்படி ஒரு பதிவு உண்டு. அது நடப்பில் இருக்கும் வரை அவர் நாட்டில் இருக்கலாம். மூடினால் கிளம்ப வேண்டும். பெயர், படிப்பு, முகவரி. அதற்குக் கீழே 'சார்ந்தோர்' என்ற தலைப்பில் இரண்டு வரிகள். மனைவி. மகள், வயது எட்டு.

மேல் வரி மூடினால் கீழ் வரிகளும் மூடும்.

மூடுவதற்குக் காரணம் கேட்கும் பட்டியலில் 'மரணம்' என்றும் ஒன்று இருந்தது. இதற்கு முன் இரண்டு முறை அதைத் தேர்ந்திருக்கிறார். இரண்டு பேருமே தனியாள். செய்தி வந்த அன்றே மூடினார்.

இந்த முறை பதிவை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

*

இறுதிக் காரியங்கள் சனிக்கிழமை முடிந்தன. அலுவலர் போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை இறந்தவரின் மனைவி மகளோடு அலுவலகத்துக்கு வந்தாள். டோக்கன் எடுத்து, முறை வரும் வரை மற்ற மாணவர்களோடு உட்கார்ந்திருந்தாள். அலுவலர் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

"டோக்கன் எதுக்கும்மா எடுத்தீங்க? நேரா வந்திருக்கலாமே."

"நாற்பத்திரண்டு வந்துச்சு சார். இப்பத்தான் முப்பத்தெட்டு. அவங்கெல்லாம் காத்திருக்காங்கல்ல."

மேஜையில் மிட்டாய் டப்பா இருந்தது. மகள் அதையே பார்த்தாள்.

"எடுத்துக்கோ," என்றார் அலுவலர்.

"ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்னு ஒட்டியிருக்கு."

"நீ ஸ்டூடண்ட் இல்லையா?"

அவள் யோசித்தாள். "மூணாங்கிளாஸ்," என்று சொல்லிவிட்டு ஒன்று எடுத்தாள். அம்மாவுக்கும் ஒன்று எடுத்தாள். அம்மா அதைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"சார், எங்களை எப்ப போகச் சொல்லுவாங்க?"

"உங்க பதிவு உங்க வீட்டுக்காரர் பதிவுக்குக் கீழ இருக்கு. அது மூடினா உங்களுதும் மூடிடும்."

"இன்னும் மூடலையா?"

"இல்ல."

"அப்ப கம்ப்யூட்டர்ல அவரு உயிரோடதான் இருக்காரா?"

"நாங்க சொல்ற வரைக்கும்."

"எப்ப சொல்லணும்?"

"இருபத்தொரு நாளுக்குள்ள. வழக்கமா அன்னைக்கே சொல்லிடுவோம்."

"ஏன் சொல்லல?"

அலுவலர் பேனாவை நகர்த்தி வைத்தார். "வேற வேலை இருந்துச்சு," என்றார்.

அவள் அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. மகளை வெளியே போய் உட்காரச் சொன்னாள்.

"எங்க அண்ணன் டிக்கெட் பாத்துட்டாரு. மாடி ரூமைக் காலி பண்ணி வெள்ளையடிச்சாச்சாம். அண்ணி ரொம்ப நல்லவங்க சார். அதான் பயமா இருக்கு."

"நல்லவங்கன்னா என்ன பயம்?"

"கெட்டவங்கன்னா சண்டை போட்டுட்டு வெளிய வரலாம். நல்லவங்க வீட்டுல நேரத்துக்குச் சாப்பாடு வரும். மரியாதையா வச்சுப்பாங்க. இன்னைக்கு வெளிய போகட்டுமான்னு நான் கேட்டுக்கிட்டு நிப்பேன். எம் பொண்ணும் கேட்டுக்கிட்டு நிப்பா. நான் கெமிஸ்ட்ரி படிச்சவ சார். ஏழு வருஷமா இங்க சும்மா இருக்கேன். வேலைக்கும் போகக் கூடாது, படிக்கவும் கூடாதுன்னு நீங்க குடுத்த தாளுல போட்டிருந்துச்சு."

"அது நாங்க போட்டது இல்லம்மா. அரசாங்கம்."

"தாளு உங்க கையிலேர்ந்துதானே வந்துச்சு."

அலுவலர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அவள் தன் பெயரிலேயே மாணவியாக மாற விண்ணப்பிக்கலாம். இரண்டு தெரு தள்ளி ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. மருத்துவ ஆய்வகப் படிப்பு, இரண்டு வருடம். அங்கிருந்து சேர்க்கைக் கடிதம் வேண்டும். செலவை ஏற்பதாக ஊரிலிருந்து ஒருவர் ஆதரவுக் கடிதம் தர வேண்டும். பிறகு விண்ணப்பம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார். கீழே ஒரு தேதியை எழுதி வட்டம் போட்டார்.

"இது இருபத்தொண்ணாவது நாள். அன்னைக்குக் காலைல நான் மூடியே ஆகணும். அதுக்கு முன்னாடி உங்க விண்ணப்பம் போய்ச் சேர்ந்துடணும். சேர்ந்த அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் பதிவு நடப்புல இருந்தா போதும். அதுக்கப்புறம் மூடினாலும் பரவாயில்ல."

"மூடியிருந்தா?"

"எடுக்க மாட்டாங்க."

அவள் தாளை இரண்டாக மடித்தாள்.

*

"உங்களுக்கு விதின்னா சாமி மாதிரி," என்றாள் எதிர் மேஜையில் இருந்த துணை அலுவலர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பெண். "இப்ப சாமிகிட்டயே தவணை கேக்கறீங்க."

"தவணை சாமியே குடுத்தது. இருபத்தொரு நாள்னு எழுதியிருக்கு. முதல் நாளே மூடுன்னு எழுதல."

"பன்னெண்டு வருஷம் கழிச்சுப் படிச்சுப் பாத்தீங்களாக்கும்."

அவர் சிரித்தார். அந்த வாரம் முழுவதும் தொழில்நுட்பக் கல்லூரிக்குத் தினமும் இரண்டு முறை போன் செய்தார். அங்கே சேர்க்கைப் பிரிவில் இருந்த அம்மாள் மூன்றாம் நாளே குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மாத்திரையா சார் நீங்க?" என்றாள். பதின்மூன்றாம் நாள், திங்கட்கிழமை, சேர்க்கைக் கடிதம் வந்தது.

அன்றே அலுவலர் இறந்தவரின் பதிவை ஒரு பிரதி அச்செடுத்தார். விண்ணப்பத்தோடு அதை இணைக்க வேண்டும். மூன்று வரிகளுக்கும் எதிரே 'நடப்பில் உள்ளது' என்று இருந்தது. முத்திரை குத்திக் கோப்பில் வைத்தார். கடைசி நேரத்தில் அச்சு இயந்திரம் மக்கர் பண்ணும் என்பது அவர் அனுபவம்.

இனி அண்ணனின் ஆதரவுக் கடிதம் மட்டும்தான் பாக்கி.

"நாளைக்குங்கறாரு. அப்புறம் பேங்க் லீவுங்கறாரு. எந்த பேங்க் சார் திங்கட்கிழமை லீவு?" என்றாள் அந்தப் பெண்.

அலுவலரே அண்ணனிடம் பேசினார். இது அவர் வேலையில் சேராது.

"நீங்க யாரு சார் அவளுக்கு?" என்றது அந்தக் குரல்.

"கல்லூரி அலுவலர்."

"அப்ப தாளைப் பாருங்க. தங்கச்சியை நாங்க பாத்துக்கறோம்."

"அந்தத் தாளுக்காகத்தான் கூப்பிடறேன்."

அண்ணனின் குரல் மாறியது. "தனியா அங்க என்ன பண்ணுவா சார்? ஜுரம்னு படுத்தா பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு யாரு கூட்டிட்டுப் போவா? நீங்க போவீங்களா?"

"தெரியல," என்றார் அலுவலர்.

"பாத்தீங்களா."

"அவங்க எடுத்த முடிவு இது. நீங்க குடுக்கலேன்னா முடிவு உங்களுது ஆயிடும். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

*

பதினைந்தாம் நாள், புதன்கிழமை, இறந்தவரின் துறையிலிருந்து ஒரு படிவம் வந்தது. துறைக் குழு கூடி, அவருக்கு முனைவர் பட்டத்தை வழங்குவதென்று முடிவு செய்திருந்தது. எழுதாத அத்தியாயத்துக்குப் பேராசிரியர் பொறுப்பேற்றுக்கொண்டார். படிவத்தில் நான்கு கையெழுத்து. பேராசிரியர், துறைத் தலைவர் போட்டிருந்தார்கள். மூன்றாவது வெளிநாட்டு மாணவர் அலுவலகம். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதியிருந்த இடத்தில் போட வேண்டும். நான்காவது பதிவாளர்.

அலுவலர் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னார்.

"மாமனார் தினமும் இதையேதான் சார் கேக்கறாரு," என்றாள். "பையன் படிச்சு முடிச்சானா முடிக்கலையான்னு. நான் என்னன்னு சொல்லுவேன்? எப்ப சார் கிடைக்கும்?"

"வழக்கமா ஒரு மாசம் ஆகும்."

"அவருக்கு உடம்பு சரியில்ல. சீக்கிரம் ஆகுமா?"

"நான் பாக்கறேம்மா."

அவர் கையெழுத்துப் போட்டார். மேல் மூலையில் சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதினார். தபால் தட்டில் போட்டால் இரண்டு நாள் ஆகும் என்று தானே எடுத்துக்கொண்டு, முற்றம் தாண்டிப் பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்தார். வெயில் நன்றாக இருந்தது. பதிவாளர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, "பாவம் சார். நாளைக்கே ஏத்திடறேன்," என்றார்.

திரும்பி வரும்போது அலுவலருக்கு மனது லேசாக இருந்தது. இரண்டு வாரத்தில் அந்தக் குடும்பத்துக்கு அவர் கொடுத்த முதல் நல்ல செய்தி அது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணனின் கடிதம் வந்தது. வங்கி முத்திரை, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தன. தனியாக ஒரு வரி, தங்கைக்கு: 'இரண்டு வருடம்தான். அறை அப்படியே இருக்கும்.' அந்தப் பெண் அதை அலுவலருக்குக் காட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றுதான். பன்னிரண்டு மணிக்கு விண்ணப்பத்தை நேரில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு போன் செய்தாள்.

"வாங்கிட்டாங்க சார். இன்னைக்குத் தேதி போட்டு முத்திரை."

"நாலு நாள் மிச்சம்," என்றார் அலுவலர்.

"உங்களைச் சும்மாவா கேலண்டர்னு சொல்றாங்க," என்றாள். சொன்ன பிறகு, "மன்னிச்சிருங்க சார்," என்றாள்.

*

இருபத்தோராம் நாள் காலை அலுவலர் சீக்கிரமே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு ஆளை இல்லை என்று எழுதுவதை மற்றவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். பதிவைத் திறந்தார்.

மூடியிருந்தது.

மூன்று வரிகளுக்கும் எதிரே 'முடிந்தது'. காரணம்: படிப்பு நிறைவு. தேதி: வியாழக்கிழமை.

முதலில் வேறு யாருடைய பதிவையோ திறந்துவிட்டோம் என்று நினைத்தார். பெயரைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு எதையும் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. பதிவாளர் ஒருவருக்குப் பட்டத்தை ஏற்றினால், அன்று இரவு கல்லூரிக் கணினி அதை அரசாங்கக் கணினிக்கு அனுப்பும். படிப்பு முடிந்தவரின் பதிவு தானாக மூடும். சார்ந்தோர் பதிவும் மூடும். ஒவ்வொரு வருடமும் முந்நூறு மாணவர்களை அரங்கில் உட்காரவைத்து இதை அவர்தான் சொல்கிறார். படத்தோடு சொல்கிறார். இறந்தவருக்கும் அது பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வியாழன் மூடியது. வெள்ளி விண்ணப்பம்.

துணை அலுவலர் வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் திரையைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"ஏத்தினது பதிவாளர் ஆபீஸ்," என்றாள்.

"அவசரம்னு எழுதினது நான்."

"சார், சிஸ்டம் மூடிடுச்சுன்னு சொல்லுங்க. பொய் இல்லையே."

"பொய் இல்ல."

"பின்ன?"

அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

*

குடும்ப விடுதியில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் கையில் புதுப் பாடப்புத்தகம் இருந்தது. உறை போட்டுக்கொண்டிருந்தாள். பழுப்புத் தாள், கத்தரி, பசை எல்லாம் தரையில். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள்.

அவர் நின்றபடியே சொன்னார். எதையும் விடவில்லை. படிவம், சிவப்பு மை, தானே எடுத்துக்கொண்டு நடந்தது, வியாழக்கிழமை.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஒரு நாள்," என்றாள்.

"ஒரு நாள்."

"நான் கேட்டேன். நீங்க குடுத்தீங்க."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா. என் வேலை அது."

அவள் தரையில் உட்கார்ந்து, பாதி போட்ட உறையின் ஓரத்தை மடித்து ஒட்டினாள். ஒட்டி முடித்து விரலால் நீவினாள். பிறகு, "இனி என்ன சார்?" என்றாள்.

தவறாக மூடப்பட்டது என்று அரசாங்கத்துக்கு மனு போடலாம். மூடிய பதிவைத் திறக்க அவர்களால் மட்டுமே முடியும். திறந்தால் வெள்ளிக்கிழமை விண்ணப்பம் செல்லும். பதில் வர மூன்று வாரமும் ஆகலாம், நான்கு மாதமும் ஆகலாம். ஆனால் மூடிய நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். கிளம்பினால் விண்ணப்பம் தானாகத் தள்ளுபடி ஆகும். பிறகு மனு வென்றும் பயனில்லை. கிளம்பாமல் காத்திருந்து, மனு தோற்றால், தாயும் மகளும் பத்து வருடத்துக்கு வர முடியாது.

"போனா ஒண்ணும் இல்ல. இருந்தா எல்லாம் கிடைக்கலாம், இல்லேன்னா எல்லாம் போகலாம். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. விதியைச் சொல்லலாம். முடிவை நீங்கதான் எடுக்கணும்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் அன்று மதியமே மனுவை எழுதினார். அலுவலகத்தின் பிழை, என் பிழை என்று எழுதினார். அலுவலக இயக்குநர் அம்மாள் 'என்' என்பதை அடித்துவிட்டு 'எங்கள்' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். "தனியா சுமந்துக்கிட்டு வீரன் ஆகப் பாக்காதீங்க," என்றார். அது அன்பாகத்தான் சொன்னது.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தாள். டோக்கன் எடுக்கவில்லை. நேராக உள்ளே வந்து உட்கார்ந்தாள். கெடு வெள்ளிக்கிழமை.

"ஆபீசரைக் கேக்கல. உங்களுக்குத் தங்கச்சி இருக்கா சார்?"

"ரெண்டு பேர்."

"சின்னவங்க இப்படி வந்து உக்காந்தா என்ன சொல்லுவீங்க?"

பன்னிரண்டு வருடத்தில் இந்த மாதிரி ஒன்பது மனுக்கள் அனுப்பியிருக்கிறார். இரண்டு வென்றன. ஏழு பேரின் முகமும் அவருக்கு நினைவிருந்தது. அதில் ஒருவன் காத்திருந்து, தோற்று, தன் அம்மா படுக்கையில் இருந்தபோதும் போக முடியாமல், போனால் திரும்ப முடியாமல், இரண்டும் இல்லாமல் நின்றான்.

"போகச் சொல்லுவேன்," என்றார்.

அவள் தலையாட்டினாள். இன்னொரு முறையும் ஆட்டினாள். "நிஜமாவா?"

"ஆமாம்மா. போயிட்டா கறை இல்ல. கதவு சாத்தினாலும் பூட்டாது. பின்னாடி அங்கேர்ந்து புதுசா விண்ணப்பிக்கலாம்."

"விடுவாங்களா, சார்? எங்க வீட்டுல?"

அது அவருக்குத் தெரிந்த விதிகளில் இல்லை.

வியாழக்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். அவர் அரை நாள் விடுப்பு எடுத்து விமான நிலையத்துக்குப் போனார். பெட்டி நான்கு. மூன்றில் கணவரின் புத்தகங்கள். எடை அதிகம் என்று கவுண்டரில் திறக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். எதை விடுவது என்று அவளால் பார்க்க முடிந்தது. மகளால் முடியவில்லை. எடுத்து வைத்ததையெல்லாம் மகள் திரும்ப உள்ளே வைத்தாள். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் தன் பெட்டியில் இடம் இருப்பதாகச் சொல்லி ஐந்தாறு புத்தகங்களை வாங்கிக்கொண்டார். மிச்சம் பதினொன்று. அலுவலர் அவற்றைக் கையில் அடுக்கிக்கொண்டார்.

"அனுப்பி வைக்கிறேன்," என்றார்.

"வேண்டாம் சார். லைப்ரரிக்குக் குடுத்துடுங்க," என்றாள் அந்தப் பெண். "படிக்கிறவங்க படிக்கட்டும்."

*

பதினெட்டு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பதில் வந்தது. மனு ஏற்கப்பட்டது. கல்லூரி அலுவலகத்தின் பிழை தெளிவாக இருப்பதால் பதிவு மீண்டும் திறக்கப்படுகிறது. நான்கு வரி. அலுவலர் பதிவைத் திறந்து பார்த்தார். மூன்று வரிகளுக்கும் எதிரே 'நடப்பில் உள்ளது'.

கிளம்பாமல் இருந்திருந்தால், இன்று அவள் மாணவி.

அன்று மாலை வீட்டில் கடிதத்தை மனைவியிடம் காட்டினார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு மடித்த துணியின் மேல் வைத்தாள்.

"சொல்லப் போறீங்களா?"

"சொல்லணும்ல. அவங்க மனு."

"சொன்னா அவங்க திரும்ப வர முடியுமா?"

"முடியாது. விண்ணப்பம் செத்துப் போச்சு."

"அப்ப எதுக்கு?"

"மறைக்கறது தப்பு."

"அன்னைக்கு நேராப் போய்ச் சொன்னீங்க. சரி. அதை வச்சு அவங்க ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்துச்சு. இதை வச்சு என்ன பண்ணுவாங்க?" ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "சொன்னா உங்க பாரம் குறையும். அது எங்க போகும்னு யோசிச்சீங்களா?"

அவர் கடிதத்தை எடுத்து உறைக்குள் வைத்தார். தூங்கப் போகும்போது, "நாளைக்குப் பேசறேன்," என்றார். மறுநாள் பேசவில்லை.

புதன்கிழமை காலை அவளே போன் செய்தாள்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. பாப்பா?"

"மூணாங்கிளாஸ்ல போட மாட்டேங்கறாங்க. அங்க படிச்சதுக்குத் தாளு இருக்கு, ஆனா அங்க இருந்ததுக்குத் தாளு வேணுமாம். எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைன்னு. அந்தப் பதிவைப் பிரதி எடுத்து அனுப்ப முடியுமா?"

"இன்னைக்கே அனுப்பிடறேன்."

"முத்திரை போட்டு."

"போட்டு அனுப்பறேன்."

அவள் பின்னால் ஒரு பெண்ணின் குரல் எதையோ கேட்டது. "இதோ வந்துட்டேன் அண்ணி," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சார், அந்த மனு போட்டீங்களே. பதில் ஏதாவது?"

கடிதம் மேஜையில்தான் இருந்தது. எதிர் மேஜையில் துணை அலுவலர் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள்.

"வந்துச்சும்மா," என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"இல்லைன்னுட்டாங்க."

"அப்படியா." மூச்சு விடுவது கேட்டது. "நல்லவேளை சார். தினம் ஒரு தடவையாவது தோணும், இருந்திருக்கலாமோன்னு. ராத்திரியெல்லாம் அதே. நீங்க சொன்னதைக் கேட்டேனே, அது போதும்."

"ஆமாம்மா."

"இனி தோணாது."

"தாளை இன்னைக்கே அனுப்பறேன்," என்றார் அலுவலர்.

போனை வைத்தார். துணை அலுவலர் அவரைப் பார்க்காமல் எழுந்துபோய், வெளியே காத்திருந்த மாணவர்களில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

அவர் பதிவைத் திறந்தார். இப்படியே அச்செடுத்தால் மூன்று வரிகளிலும் 'நடப்பில் உள்ளது' என்று வரும். அந்தப் பெண் தாள்களை முழுதாகப் படிப்பவள். அதனால் முதலில் மூடும் பக்கத்துக்குப் போனார். காரணமும் தேதியும் கேட்டது. முன்பு இருந்தபடியே 'படிப்பு நிறைவு', அந்த வியாழக்கிழமை என்று கொடுத்தார். உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்றார். மூன்று வரிகளும் ஒரே நேரத்தில் மாறின.

பிறகு பிரதி எடுத்து, முத்திரை குத்தி, மகளின் பள்ளியில் காட்டுவதற்கான அந்தத் தாளை உறையில் போட்டு, மேலே அண்ணன் வீட்டு முகவரியை எழுதினார்.